வழுக்கும் ஸ்குரூவும் வழிக்கு வரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வைத்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் மாற்ற எஞ்சின் கவரைக் கழற்ற உட்கார்ந்தால், புது ஸ்குரூடிரைவரிலேயே இரண்டு ஸ்குரூவுக்குத் தலை வழுக்கிவிட்டது. மற்றதைத் தொடவே பயமாக இருக்கிறது. – விருதுநகர் வாசகர்

பதில்: நிறுத்தினீர்களே, அதுவே பாதி வேலை. முதல் தடவை வழுக்கும்போதே கையை எடுத்துவிட்டால் எந்த ஸ்குரூவையும் காப்பாற்றலாம், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போமே என்பதில்தான் தலை மழுங்குகிறது.

சைஸைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டார் ஸ்குரூடிரைவர் பெரும்பாலும் 2-ஆம் நம்பர், அது 3 முதல் 5 மி.மீ. ஸ்குரூவுக்கானது. எஞ்சின் கவரில் இருப்பது 6 மி.மீ., அதற்கு 3-ஆம் நம்பர் வேண்டும். 2-ஆம் நம்பரும் உள்ளே போகும், லூசான ஸ்குரூவைத் திருப்பவும் செய்யும், இறுகியதில்தான் காலை வாரும்.

அப்புறம், ஜப்பான் வம்சத்து வண்டிகளின் ஸ்டார் தலை ஜே.ஐ.எஸ். என்ற அவர்கள் ஊர் அளவில் வெட்டப்பட்டது. பார்க்க, கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் என்ற ஸ்டார் மாதிரியே இருக்கும். தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருந்தால் ஜே.ஐ.எஸ். என்று எடுத்துக்கொள்ளலாம். பிலிப்ஸ் பிட்டின் (ஸ்குரூவில் செருகும் முனைத்துண்டு) கூர்முனை அதன் பள்ளத்தில் அடிதட்டி நின்றுவிடும், பக்கங்கள் சரியாக உட்காராது, பலமாகத் திருப்பினால் மேலேறி வந்து ஓரத்தைச் சீவிவிடும். ஜே.ஐ.எஸ். பிட் ஆன்லைனில் கிடைக்கிறது. அவசரத்துக்குப் பழைய பிலிப்ஸ் முனையை கிரைண்டரில் மயிரிழை தேய்த்து மொட்டையாக்கியும் ஓட்டலாம்.

தலைக்குள் வருஷக்கணக்கில் இறுகிக் கிடக்கும் ஆயில் மண்ணைக் கோணி ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, பிட்டைச் செருகி விரலால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது அந்த ஸ்குரூவுக்கான பிட் இல்லை. ஆடாமல் உட்கார்ந்தால் கை இம்பேக்ட் டிரைவரில் மாட்டுங்கள் (பேட்டரியில் ஓடுவது வேண்டாம், சுத்தியால் அடிப்பது). கழற்றும் பக்கத்துக்கு செட் பண்ணி, டிரைவரின் உடலை இடப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ஒரு பலமான அடி. அடி விழும்போது பிட் உள்ளேயும் அழுந்தும், திரும்பவும் செய்யும், அதனால் வழுக்காது. பயந்து பயந்து பத்துத் தட்டு தட்டினால் தலைதான் நசுங்கும். வழுக்கிய இரண்டுக்கும் இதே வைத்தியம்தான், முதலில் பிதுங்கி நிற்கும் உலோகத்தைப் பஞ்ச் வைத்துத் தட்டிச் சமன் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டபிள்யூ.டி. 40 ஸ்பிரே அடித்தும் ஸ்குரூ அசையவில்லை. – சேலம் வாசகர்

பதில்: அடித்த கையோடு திருப்பினால் எப்படி? அது முதலில் ஈரத்தை விரட்டுவதற்காக வந்த சரக்கு. துருவுக்கென்றே விற்கும் பெனட்ரேட்டிங் ஆயிலை வாங்கி அடித்து, ராத்திரி முழுக்க ஊற விட்டுக் காலையில் பாருங்கள். அலுமினியக் கேஸில் இரும்பு ஸ்குரூ பிடித்துக்கொண்டால் சூடுதான் நல்ல மருந்து. அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஹாட் ஏர் கன் போதும். ஆயில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே சூடு காட்டுங்கள்.

கேள்வி: முன் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இரண்டு குட்டி ஸ்குரூ. இரண்டும் துரு, ஒன்று மழுங்கியும்விட்டது. இம்பேக்ட் அடிக்கலாமா? – திருச்சி வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். ஹேண்டில்பாரில் தொங்கும் சின்ன அலுமினிய டப்பா அது, அந்த அடியைத் தாங்காது. சூடும் கூடாது, பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். நன்றாக இருக்கும் ஸ்குரூவில் 2-ஆம் நம்பர் பிட்டை வைத்து, சின்னச் சுத்தியால் நாலைந்து தடவை லேசாகத் தட்டி, நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். மழுங்கியதில் பிட் நுனிக்கு வால்வு கிரைண்டிங் பேஸ்ட் (வால்வு தேய்க்கும் நறநறப்பான பசை) ஒரு பொட்டு தடவினால் பிடிமானம் கூடும். அதற்கும் மசியவில்லை என்றால் 4 மி.மீ.க்குச் சற்றுப் பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட வேண்டியதுதான். மூடி வந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை கிரிப் பிளையரால் பிடித்தால் பெரும்பாலும் சுலபமாகச் சுற்றி வரும். டேங்க்மேல் ஈரத்துணி போடுங்கள், பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்ட் போச்சு. துளைத்த தூளைத் துடைக்கும் வரை உள்ளே இருக்கும் ரப்பரை எடுக்காதீர்கள்.

கேள்வி: எஞ்சின் கவர் ஸ்குரூ எல்லாவற்றையும் ஆலன் ஸ்குரூவாக (தலையில் அறுகோணக் குழி உள்ளது) மாற்றிவிடலாமா? – மதுரை வாசகர்

பதில்: மாற்றலாம், நல்லதுதான். ஆனால் ஆலன் கீயில் பிடி அதிகம் கிடைப்பதால் நம் ஆட்கள் முக்கி முக்கி இறுக்குவார்கள். கவரின் 6 மி.மீ. ஸ்குரூவுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதற்கு மேல் போனால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வரும், லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட அலைய வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு ஸ்குரூவையும் அட்டையில் அதே வரிசையில் குத்தி வையுங்கள். நீளங்கள் வேறு வேறு. குட்டை ஸ்குரூ இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் கேஸே விரிசல் விடும்.