கல்கமுவையில் லொறியை நிறுத்துங்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 49, முஸ்லிம். மாளிகாவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் சின்னத் துணிக்கடை. 1996இல் இராணுவத்தில் சேர்ந்தேன். 1999 நவம்பரில் ஒட்டுசுட்டான் முகாம் விழுந்த சமயம் மோட்டார் குண்டு வெடித்து இடது தோளிலும் பிடரியிலும் காயம். இரண்டு இரும்புத் துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. (காட்டுக்குள் ஓரிரவு முழுக்க என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் கல்கமுவைக்காரர், சிங்களவர். மறு வருடம் அவருக்கு மிதிவெடியில் கால் போனதாகக் கேள்வி. இப்போது தொடர்பு இல்லை.) காயம் ஆறிய பிறகு நான் திரும்பிப் போகவில்லை. பின்னால் பொதுமன்னிப்பில் முறைப்படி விலகிய கடதாசி கையில் இருக்கிறது. ஆனால் நான் காயப்பட்டதாகப் பதிவே இல்லை என்கிறார்கள். ஏழு விண்ணப்பம் எழுதிவிட்டேன். பணத்துக்காக இல்லை அக்கா. 2019இல் ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு ஒரு சோதனைச் சாவடியில் என் மகன் வயதுப் பொடியன் ஒருவன் என் பையை வீதியில் கொட்டினான். அன்றிலிருந்து, இந்த நாட்டுக்காக நானும் இரத்தம் சிந்தினேன் என்று ஒரு கடதாசி வேண்டும் என்று மனம் எரிகிறது. மனைவியும் மகன்மாரும் விடச் சொல்கிறார்கள். பதினொரு வருடமாக மாதம் இரண்டு முறை அநுராதபுரத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறேன். அந்தப் பாதையில் லொறி ஓடும்போதெல்லாம் இதே நினைவுதான். தொடர்வதா, விடுவதா?

வாசகர், மாளிகாவத்தை

பதில்:

தம்பி, இடம் காணாது என்பதால் உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். வந்தது நான்கு பக்கம். ஏழு விண்ணப்பங்களின் திகதியும், எந்தக் கந்தோரில் எந்த மேசையில் யார் என்ன சொன்னார் என்பதும் அதில் ஒன்று விடாமல் இருக்கின்றன. உங்களைச் சுமந்த மனிதருக்கு மட்டும் மூன்று சின்ன வாக்கியம், அதுவும் அடைப்புக்குறிக்குள். அந்த அடைப்புக்குறியில் நான் கைவைக்கவில்லை. நீங்கள் எழுதியபடியே இருக்கிறது.

மற்றதெல்லாம் எனக்குப் பழக்கமான கதை. கடதாசி கேட்டு அலைகிறவர்களின் கடிதம் இந்த மேசைக்கு வராத மாதம் இல்லை. நஷ்டஈட்டுக் கடதாசி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். காணாமற்போன மகன் இருக்கிறான் என்றும் எழுதாமல், செத்தான் என்றும் எழுதாமல் அரசாங்கம் நீட்டுகிற அந்தக் கடதாசியை வாங்குவதா வேண்டாமா என்று கேட்டு வன்னித் தாய்மார் எழுதுகிறார்கள். அவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்கள்தான். நீங்கள் இருந்த முகாமுக்கு எதிர்ப்பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

“கால் போனதாகக் கேள்வி” என்கிறீர்கள். யார் சொல்லிக் கேள்வி? எந்த வருடம்? கேள்விப்பட்ட அன்று என்ன செய்தீர்கள்? கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தீர்களா? இருபத்து மூன்று வயதில் உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்த கால் அது. அது போய்விட்டது என்று காதில் விழுந்திருக்கிறது. “இப்போது தொடர்பு இல்லை” என்று, நம்பர் மாறிப்போன ஆளைப்பற்றி எழுதுகிற மாதிரி எழுதுகிறீர்கள்.

கொழும்பிலிருந்து குருநாகல், பாதெனிய வழியாக அநுராதபுரம் போகிற பாதை எனக்குத் தெரியும். கல்கமுவைக்குள் நுழையாமல் அந்தப் பாதையில் போக முடியாது. மாதம் இரண்டு பயணம், போக ஒரு தடவை, வர ஒரு தடவை, பதினொரு வருடம். கூட்டிப் பார்த்தேன், ஐந்நூறு தடவைக்கு மேல் வருகிறது. ஐந்நூறு தடவை அந்த ஊரைத் தாண்டியிருக்கிறீர்கள் தம்பி. அங்கே தேத்தண்ணிக்கு இறங்கியிருக்க மாட்டீர்களா? கடைக்காரனிடம், ஆமியில் கால் இழந்தவர் ஒருவர் இந்தப் பக்கம் இருக்கிறாரா என்று கேட்டிருந்தால் போதும். அந்த மாதிரி ஊரில் அரை மணித்தியாலத்தில் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள்.

ஏன் கேட்கவில்லை என்று நானே சொல்கிறேன், பிழையென்றால் திருத்தி எழுதுங்கள். நீங்கள் திரும்பிப் போகவில்லை. அவர் போனார். போன இடத்தில் கால் போனது. அவருக்கு முன்னால் இரண்டு காலோடு போய் நிற்க உங்களுக்கு வெட்கம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கந்தோர் கந்தோராகப் போய் அரசாங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். காயப்பட்டவன் என்று அவர்கள் எழுதித் தந்துவிட்டால், விட்டு வந்தவன் என்ற எண்ணம் உங்களைவிட்டுப் போய்விடும் என்று நினைக்கிறீர்கள்.

விட்டு வந்ததைக் குற்றமாக நான் சொல்லவில்லை. கழுத்தில் இரும்போடு வந்த பிள்ளையை ஓர் உம்மா மறுபடி அனுப்பவில்லை என்றால் நான் அந்த உம்மாவின் பக்கம்தான். அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பது கொழும்பில் இருந்த எங்களுக்கும் தெரியும். வவுனியாவிலிருந்து வடக்கே தரைப்பாதை திறப்பதற்கென்று 1997 மே மாதம் ஜயசிக்குறு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் எத்தனையோ பிள்ளைகளைக் கொடுத்துப் பிடித்த இடங்களில் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் புலிகளிடம் கைமாறியது. ஓடி வந்தவர்கள் உயிரைத்தான் கொண்டுவந்தார்கள், கோப்புகளையல்ல. உங்கள் காயம் பதிவில் ஏறாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே உங்களை யாரோ வேண்டுமென்றே அழித்தார்கள் என்று எரிந்துகொண்டிருக்க வேண்டாம்.

விட்டு வந்தது வேறு. வந்த பிறகு ஒரு தடவையாவது அவரைப் போய்ப் பார்க்காதது வேறு. இரண்டாவதற்கு எந்தப் பொதுமன்னிப்பும் கிடையாது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் பின்வீட்டுச் சிங்கள மனிதர் எங்கள் ஏழு பேரையும் நான்கு நாள் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினார். பிறகு அவர் வெயாங்கொடைக்குக் குடிபோனார். ஒவ்வொரு ஏப்ரலும் அப்பா ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு ரயிலேறிப் போவார். நாங்கள் வளர்ந்த பிறகு, “எத்தனை வருடத்துக்கு அப்பா?” என்று தம்பி ஒருநாள் கேட்டுவிட்டான். அப்பா அவனை அடித்த ஒரே நாள் அது. அந்த மனிதர் காலமானபோது அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. இரவு முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். உயிர் தந்தவன் வீட்டு நல்லது கெட்டதில் நிற்பது சொந்தக்காரனின் கடமை என்றுதான் எங்களை வளர்த்தார்கள். இரத்த உறவுக்கு ஒரு சட்டம், இதற்கு ஒரு சட்டம் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2017 நவம்பரில் கொழும்புக் கோட்டையில் ஊனமுற்ற படையினர் வீதியில் இறங்கினார்கள். பன்னிரண்டு வருடச் சேவை முடியுமுன்னே காயப்பட்டு வெளியேறியவர்களுக்கும் பென்சன் வேண்டும் என்று கேட்டார்கள், பொலிஸாரோடு இழுபறிப்பட்டார்கள். ஊன்றுகோல்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். உங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். கல்கமுவைக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரோ இல்லையோ. நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

சாவடியில் நடந்தது அநியாயம். உங்கள் பையை மட்டுமல்ல, அந்த மாதங்களில் எத்தனையோ முஸ்லிம் வீடுகளின் மானத்தை வீதியில் கொட்டினார்கள். அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். காயப்பட்டதற்குக் கடதாசி இருந்தால்தான் ஒரு முஸ்லிமை மரியாதையாக நடத்தவேண்டும் என்று நீங்களே ஒத்துக்கொண்டால், காயப்படாத உங்கள் மகன்மார் என்னத்தைக் காட்டுவார்கள்? அந்தப் பொடியனுக்கு எதிராக முறைப்பாடு எழுதுங்கள் என்றால் நான் கூட வந்து எழுதித் தருவேன். அந்த எரிச்சலை இந்த விண்ணப்பத்துக்குள் ஊற்றாதீர்கள். அது வேறு வழக்கு.

விண்ணப்பத்தைக் கைவிடச் சொல்லவில்லை. செய்கிற முறையில் செய்யுங்கள். போரில் காயப்பட்டவர்களுக்கென்று தேச புத்ர சம்மானய என்ற பதக்கம் இருக்கிறது. படையினரின் நலனுக்கென்று 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த ரணவிரு சேவா அதிகார சபையும் இருக்கிறது. ஏழு தடவையும் “நான் காயப்பட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, கூட ஓர் ஆதாரமும் வைக்கவில்லை. பிரதிகளைப் பார்த்தேன்.

இரும்பு இன்னும் உடம்புக்குள் இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? எக்ஸ்ரே எடுத்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியிடம் அனுமதித்த திகதியைச் சொல்லிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் சொந்த மருத்துவப் பதிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அது சலுகையல்ல, அரசியலமைப்பில் உள்ள உரிமை.

கண்ணால் கண்டவர் ஒருவரின் சத்தியக் கடதாசியும் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் பயப்படுவது இங்கேதான். இதை வாசித்ததும் பேனையும் கடதாசியுமாகக் கல்கமுவைக்கு ஓடுவீர்கள். இருபத்தைந்து வருடம் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு முதல் தடவை கையெழுத்துக் கேட்டுப் போகிறவனை என்னவென்று சொல்வது? முதல் பயணத்தில் கடதாசியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. இரண்டாவதிலும் வேண்டாம். அவருக்குப் பென்சன் ஒழுங்காக வருகிறதா, செயற்கைக் கால் பொருந்துகிறதா, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், வீட்டுக்கு ஓடு போட்டாயிற்றா, இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்யக்கூடியதைச் செய்யுங்கள். உங்கள் விஷயத்தை அவரே கேட்கட்டும், அப்போது சொல்லுங்கள். அவர் உயிரோடு இல்லை என்றால் அவர் மனைவியிடமோ தாயிடமோ சொல்லுங்கள், அந்த இரவில் அவர் என்ன செய்தார் என்று. அவர் சொல்லாமலேயே போயிருக்கலாம்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. இருபது வருடமாக இரவில் அந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறவர் நீங்கள் என்று இவரே எழுதியிருக்கிறார் தங்கச்சி. விடச் சொன்னது அலைச்சல் தாங்காமல் என்று எனக்கு விளங்குகிறது. விண்ணப்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கல்கமுவைக்குப் போவதை மட்டும் மறிக்க வேண்டாம். கூடப் போங்கள்.

மகன்மார் இரண்டு பேரையும் கூட்டிப்போங்கள் தம்பி. “விடுங்க வாப்பா” என்கிறார்கள் என்றால், யாருடைய முதுகில் ஏறி அவர்களின் வாப்பா வீட்டுக்கு வந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைக் கல்கமுவைக்காரர் முன்னால் வைத்து, அவருக்கு விளங்கும் பாஷையில் சொல்லுங்கள். உங்களுக்குச் சிங்களம் நன்றாக வரும்.

அடுத்த சரக்கு எப்போது போகிறது என்று எனக்கு எழுதுங்கள். எட்டாவது விண்ணப்பத்தை அதற்குப் பிறகு பார்ப்போம்.