வயிற்றுச் சதையை எடுத்து மார்பு அமைப்பது அழகுச் செலவா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 44, ஈரோடு பக்கம். தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை, சம்பளம் 28,000. கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து முதலில் கீமோ, ஆகஸ்டில் இடது மார்பகத்தை முழுவதும் எடுத்தார்கள், நவம்பரில் ரேடியேஷன் முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். ஆறு மாதம் போனதும் வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் அமைக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்கு 6.5 லட்சம் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள், சிலிக்கான் வைத்தால் 3.75 லட்சம். 2020-ல் எடுத்த 5 லட்சம் குடும்ப பாலிசி இருக்கிறது (மே 14-ல் புதுப்பிக்க வேண்டும்), அதில் இப்போது 40,000 தான் மிச்சம். கணவர் மில்லின் குரூப் பாலிசி 2 லட்சம், அது முழுக்கத் தீர்ந்துவிட்டது, ஏப்ரலில் புதுப்பிப்பார்கள். ஏஜென்ட், "இது காஸ்மெடிக், க்ளெய்ம் வராது" என்கிறார். மகள் பிளஸ் டூ. அவள் காலேஜுக்காக 8 லட்சம் எஃப்டி வைத்திருக்கிறோம். "இந்த வயசுல யாருக்குக் காட்டப்போற" என்கிறார் மாமியார். மகள் பணத்தை எடுத்து இதைச் செய்துகொண்டால் நான் சுயநலக்காரியா?

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. இல்லை. மாமியார் கேட்டதற்கு என் கால்குலேட்டரில் பட்டன் கிடையாது. கால் உடைந்தவர் பிளேட் வைத்துக்கொண்டால் யாருக்குக் காட்ட என்று நாம் கேட்பதில்லை. வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்தால் அதுவும் முழு மரியாதைக்குரிய முடிவுதான், பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த 'வேண்டாம்' பணக் கணக்குத் தப்பாகப் போட்டதால் வந்ததாக இருக்கக் கூடாது, நீங்கள் போட்டிருக்கும் கணக்கோ தப்பு. மகள் படிப்பா 6.5 லட்சமா என்று நினைக்கிறீர்கள். உங்கள் கையிலிருந்து போகப்போவது அதில் பாதிகூட இருக்காது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். பாலிசி பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியில் 'எக்ஸ்குளூஷன் 08' என்ற குறியீட்டைத் தேடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ 2019-ல் விலக்குகளை எல்லா கம்பெனிக்கும் ஒரே வாசகமாக ஆக்கியபோது வந்தது. தோற்றத்தை மாற்றும் காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்று ஆரம்பிக்கும் அந்த வாசகம், விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பைத் தவிர என்று தொடரும். புற்றுநோய் என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஏஜென்ட் பாதி வரியோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இதை நான் வெறும் சட்டமாகச் சொல்லவில்லை. என் சித்தி மகளுக்கு முதுகுத் தசையை எடுத்து மார்பகம் அமைத்தபோது அவளுடைய கம்பெனி 'காஸ்மெடிக்' என்று ஒரே வரியில் நிராகரித்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்று மட்டும் இருந்தது, புற்றுநோய் என்ற பேச்சே இல்லை! பயாப்ஸி ரிப்போர்ட், மார்பகம் எடுத்த ஆபரேஷன் நோட்ஸ், கேன்சர் டாக்டரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அனுப்பி, அதற்கும் பதில் வராமல், இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (பாலிசிதாரர் புகாரை விசாரித்துத் தீர்ப்பவர்) போய்த்தான் பணம் வந்தது. அதனால் நீங்கள் அட்மிஷனுக்கு முன்பே, 'மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் நீக்கியதைத் தொடர்ந்த மறுசீரமைப்பு, மருத்துவ ரீதியாகத் தேவை' என்று கேன்சர் டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கி, முன் அனுமதி விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஒருவேளை மறுத்தால், கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள், அப்புறம் சென்னை ஓம்புட்ஸ்மேன் அலுவலகம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அடுத்தது தேதி. இதில்தான் உங்களுக்குப் பெரிய லாபம். இது அவசர ஆபரேஷன் இல்லை. இன்று சேர்ந்தால் உங்களிடம் இருப்பது 40,000 ரூபாய். மே 14-க்கு அப்புறம் சேர்ந்தால் குடும்ப பாலிசியில் 5 லட்சம், குரூப்பில் 2 லட்சம், இரண்டும் புதிதாக நிரம்பியிருக்கும். டாக்டர் சொன்ன ஆறு மாதமும் மே மாதத்தில்தான் முடிகிறது. பழைய க்ளெய்மைக் காட்டிப் புதுப்பிக்க மறுக்கவோ, உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்றவோ கம்பெனிக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சலுகைக் காலம் 30 நாள் இருக்கிறதே என்று விட்டால், அந்த இடைவெளியில் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் வராது. கவரேஜை இப்போது 10 லட்சமாகக் கூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூட்டிய பகுதிக்குக் காத்திருப்புக் காலம் புதிதாக ஓடும், இந்த ஆபரேஷனுக்கு உதவாது. வேறு கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், கேன்சர் வந்தவரைப் புதுக் கம்பெனி சேர்த்துக்கொள்ளாமலே போகலாம்.

எந்த ஆபரேஷன் என்பது டாக்டரும் நீங்களும் பேச வேண்டியது, நான் பணத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சிலிக்கான் இன்றைக்கு 2.75 லட்சம் குறைவு, சரி. ஆனால் இம்பிளான்ட் ஆயுள் முழுக்க உழைக்கிற சாமான் இல்லை, பின்னால் மாற்ற வேண்டி வரலாம், அதிலும் ரேடியேஷன் பட்ட தோலுக்குள் வைத்தால் அதைச் சுற்றி இறுகிப் போவது போன்ற சிக்கல்கள் அதிகம் என்பதால்தான் உங்கள் டாக்டர் சொந்தச் சதையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். 44 வயதில் இன்னும் 35, 40 வருடத்துக்குக் கணக்குப் போட வேண்டும், 60 வயதில் இன்னொரு ஆபரேஷன் வந்தால் அன்றைய விலை என்ன, அன்று வேலை இருக்குமா, பாலிசி இருக்குமா? ஃப்ளாப், அதாவது சொந்தச் சதையை எடுத்து வைப்பது, முதல் நாளில் காஸ்ட்லி. உடம்போடு ஒட்டிவிட்டால் அது உங்கள் சதை, எடை கூடினால் அதுவும் கூடும், இளைத்தால் இளைக்கும், மாற்றுச் செலவு கிடையாது. பதிலுக்கு இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நீளமான தழும்பு, மரத்துப்போன தோல். வயிற்றுச் சதையை ஒரு தடவைதான் இப்படி எடுக்க முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எஸ்டிமேட்டில் இருப்பது 'டீப்' ஃப்ளாப்பா 'ட்ராம்' ஃப்ளாப்பா என்று கேளுங்கள். ட்ராமில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போகும், பின்னால் வயிறு பிதுங்கவோ ஹெர்னியா வரவோ வாய்ப்பு கூடுதல், அது இன்னொரு பில். டீப்பில் தோலும் கொழுப்பும் மட்டும், தசையை விட்டுவிட்டு, மெல்லிய ரத்தக் குழாய்களை மார்பில் இருக்கும் குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைப்பார்கள். ஆறு, எட்டு மணி நேரம்கூட ஆகும். அதனால் அடிக்கடி இதைச் செய்கிற டீம் முக்கியம், இரண்டாவது எஸ்டிமேட்டுக்கு உங்களுக்குக் கோவை பக்கம்தான்.

ஆஸ்பத்திரி பில்லிங்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இணைத்த குழாய் அடைத்துக்கொண்டு மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அது பேக்கேஜுக்குள் வருமா? முதல் இரண்டு மூன்று நாள் ஃப்ளாப்பை மணிக்கு ஒரு தடவை பார்ப்பதே இதற்காகத்தான். கைதேர்ந்த இடங்களில் ஃப்ளாப் முழுதாகத் தோற்பது நூற்றில் ஓரிரண்டு, ஆனால் அந்த ஒன்றிரண்டில் நாம் இருந்தால் பில் எங்கோ போய்விடும். இரண்டாவது, ரூம் வாடகை. உங்கள் பாலிசியில் வாடகை வரம்பு 5 லட்சத்தில் 1 சதவீதம் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 5,000. 8,000 ரூபாய் ரூமில் படுத்தால் போவது அந்த 3,000 மட்டும் இல்லை. சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், அவை 4 லட்சம் என்றால் 1.5 லட்சம் அவுட். ஐந்து நாள் ஏசி ரூமுக்கு இந்த விலையா?

உங்கள் பையிலிருந்து போவதைப் பார்ப்போம். என் தோராயம் இது. இரண்டு பாலிசியும் சேர்ந்து ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியைத் தாங்கும் (ஒன்றில் கேஷ்லெஸ், மீதியை இன்னொன்றில்), க்ளெய்மில் வராத சாமான்களுக்கு 50,000 வையுங்கள். வயிற்று பெல்ட், சர்ஜிக்கல் பிரா, பிசியோ, போக்குவரத்து 25,000. ஆறிலிருந்து எட்டு வாரம் குடம் தூக்க, மாவாட்டும் வேலை செய்ய முடியாது, வீட்டு வேலைக்கு ஆள் வைக்க 20,000. அதை மிச்சம் பிடிக்காதீர்கள், மாமியார் பார்த்துக்கொள்வார் என்றும் விடாதீர்கள். லீவு சம்பளமில்லாமல் போனால் 56,000. சில மாதம் கழித்து முலைக்காம்பு அமைப்பது, கொழுப்பு ஏற்றி வடிவம் சரிசெய்வது, வலது பக்கத்தைச் சமன்படுத்துவது என்று இரண்டாம் கட்டம் ஒன்று வரும், எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இருக்காது. வலது பக்கத்துக்குத்தான் கம்பெனி முதலில் முகம் சுளிக்கும். அமெரிக்காவில் 1998-லிருந்தே, மார்பக நீக்கத்துக்குப் பணம் தருகிற இன்சூரன்ஸ் மறுபக்கத்தைச் சமன்செய்யவும் தர வேண்டும் என்று சட்டம். இங்கே அப்படி ஒன்று இல்லை, டாக்டர் கடிதத்தில் இரண்டாம் கட்டத்தையும் இப்போதே எழுதி வாங்குங்கள், அதற்கு ஒரு லட்சம் ஒதுக்குங்கள். மொத்தம் இரண்டரை லட்சம். கூடவே ரீ-ஆபரேஷன் பயத்துக்குத் தொடாமல் ஒரு ஒன்றரை லட்சம்.

ஆக எஃப்டியில் அதிகபட்சம் 4 லட்சம் ஆபத்தில், 4 லட்சம் பத்திரம். ஆபத்தில் இருக்கும் 4 லட்சத்தையும் ஒரே ரசீதாக உடைக்காமல், இப்போதே பேங்கில் பேசிச் சின்னச் சின்ன டெபாசிட்டாகப் பிரித்துக்கொண்டால் தேவையானதை மட்டும் உடைக்கலாம். இரண்டு பேரின் பிஎஃப்பிலும் மருத்துவ முன்பணம் எடுக்க வழி இருக்கிறது, அதைக் கடைசிக்கு வையுங்கள்.

மகளைப் பற்றி. காலேஜுக்குக் கல்விக் கடன் கிடைக்கும், 4 லட்சம் வரை ஜாமீன் சொத்தும் கேட்பதில்லை, படித்து முடித்த பிறகுதான் தவணை. உங்கள் ஆபரேஷனுக்குக் கிடைப்பது பர்சனல் லோன், அடுத்த மாதமே தவணை, வட்டியும் கூடுதல். கையிலிருக்கும் ரொக்கத்தை எதற்குச் செலவழித்து எதற்குக் கடன் வாங்குவது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? குழந்தை பணத்தை எடுத்துவிட்டோம் என்ற உறுத்தல் இருந்தால், அவளிடமே இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிளஸ் டூ பெண்ணுக்குப் புரியும்.

வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் 80டிடிபி என்று நாம் சொல்லிப் பழகிய கேன்சர் சிகிச்சைக் கழிவு 40,000 வரை உண்டு, இன்சூரன்ஸில் வந்த தொகையைக் கழித்துவிட்டுத்தான். பெரிய தொகை இல்லை, ரசீதை மட்டும் எறியாதீர்கள்.

நடுவில் ஒரு சிக்கல்: மே கடைசியில் ஆபரேஷன் என்றால் ஜூன், ஜூலையில் மகளின் காலேஜ் கவுன்சலிங் அலைச்சல் உங்களால் முடியாது. அதைக் கணவர் பொறுப்பில் இப்போதே விடுங்கள், சான்றிதழ் ஜெராக்ஸ் உட்பட. இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது பாலிசி பத்திரத்தில் 08-ம் விலக்கையும் ரூம் வாடகைப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைப்பது, ஆஸ்பத்திரியில் 6.5 லட்சத்தைப் பிரித்து எழுதிக் கேட்பது. மொத்தத் தொகையை மட்டும் சொல்லி அனுப்பினால், "பிரித்துக் கொடுங்க, இன்சூரன்ஸுக்கு வேணும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், கொடுப்பார்கள்.