பெரிய உடம்புக்குப் பெரிய இதயம் சரி, தடித்த சுவர்?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 183 செ.மீ., எடை 106 கிலோ. எக்கோவில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மி.மீ. தடிப்பு, அறையின் அளவு இயல்பு என்று வந்திருக்கிறது. பிரஷர் சில சமயம் 150/95 காட்டுகிறது. ‘யானைக்குப் பெரிய இதயம் இல்லையா? உன் உடம்புக்கு இது சகஜம்தான்’ என்கிறார் நண்பர். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை.

பாலூட்டிகளில் சிறியதோ பெரியதோ, இதயத்தின் எடை பெரும்பாலும் உடல் எடையில் அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 2014-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் இதயம் சுமார் 180 கிலோ. சுண்டெலியின் இதயம் ஒரு கிராமில் பாதிகூட இல்லை. ஆனால் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும். யானைக்கு 30 போதும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ரத்த அழுத்தம் மட்டும் அதிகம் மாறுவதில்லை. அறை அகலமானால், அதே அழுத்தத்திலும் சுவரில் விழும் இழுவை கூடும். அதைத் தாங்கச் சுவரும் அதே விகிதத்தில் தடிக்கும். யானையின் இதயத்தில் அறையும் சுவரும் சேர்ந்தே பெரிதாகியிருக்கின்றன.

உங்களுக்கு அறை வளரவில்லை, சுவர் மட்டும் தடித்திருக்கிறது. ஆண்களுக்கு 10 மி.மீ. வரை இயல்பு, உங்கள் உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், 13 வரை முடியாது. இந்த அமைப்பு யானையுடையது அல்ல, ஒட்டகச்சிவிங்கியுடையது. மூளை இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருப்பதால் அதன் அழுத்தம் நம்மைப் போல இரு மடங்கு. அதனால் தடித்த சுவர், குறுகிய அறை. அதன் உடல் அதற்கென்றே அமைந்தது. உங்களுடையது அப்படி அல்ல.

இன்னொன்றும் முக்கியம். எலிக்கும் யானைக்கும் இதயத் தசை செல்லின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்; பெரிய இதயத்தில் செல்களின் எண்ணிக்கை அதிகம். வளர்ந்த மனிதரின் இதயத்தில் புதுச் செல்கள் மிக அரிதாகவே உருவாகும். பிரஷர் ஏறினால் இருக்கிற செல்களே பருக்கும். நுண்ரத்தக் குழாய்கள் அதற்கு ஈடாகப் பெருகுவதில்லை, ஆக்சிஜன் உள்ளே போய்ச்சேரும் தூரம் கூடுகிறது. தசை விறைத்துப்போவது இப்படித்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி, அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். மருந்து தேவை என்றால் தயங்காதீர்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும், எடையும் குறையட்டும். நடைப்பயிற்சி நல்லது, மூச்சை அடக்கிப் பளு தூக்குவதைப் பிரஷர் இறங்கும்வரை தள்ளிவையுங்கள். பலத்த குறட்டை உண்டா, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்தார்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பின்னதற்கு ‘ஆம்’ என்றால் பரம்பரையாக வரும் இதயத் தசை நோயையும் சோதிக்க வேண்டும்.

நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிரஷர் கட்டுக்குள் வந்தால் தடித்த சுவர் மாதக்கணக்கில் மெல்ல மெலியும், அதைப் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். இந்த எக்கோ அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வருடம் கழித்து எடுப்பதை இதோடு வைத்துத்தான் பார்ப்போம்.