நகையை அடகு வைக்காதீர்கள், மகளை ஜியாலஜி படிக்க விடுங்கள்

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் பி.எஸ்சி. ஜியாலஜி, அதாவது நிலவியல், கேட்கிறாள். தாய்மாமன் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டு வந்திருக்கிறார். பணத்துக்கு உங்கள் நகைதான் வழி. நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் பயப்பட வேண்டியது ஜியாலஜியைப் பார்த்து அல்ல, அந்தக் கடனைப் பார்த்து.

கோடிங்கில் துளியும் ஆசையில்லாத பெண்ணை நான்கு வருடம் அதில் உட்கார வைத்தால் அரியர்தான் சேரும். சீட் பேசிய உறவினர் வட்டி கட்ட வரமாட்டார். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, ஜியாலஜிக்கு வருவோம். சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் உண்டு. உங்களுக்குச் சேலமே போதும். அரசுக் கல்லூரிக் கட்டணம் சொற்பம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

பாடமும் உங்கள் வாசலிலேயே கிடக்கிறது. அவள் கேட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்த வெள்ளைக் குன்றுகள், அது மேக்னசைட் என்னும் கனிமம். எஃகு உலைகளின் உட்சுவரில் வைக்கும் வெப்பம் தாங்கும் செங்கலுக்கு அதுதான் மூலப்பொருள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையைப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்தது. கனிமம், பாறை, புதைபடிவம், நிலத்தடி நீர் என்று வகுப்பில் படிப்பதை, சுத்தியலும் லென்சும் திசைகாட்டியுமாக நேரில் போய்ப் பார்த்து வரைபடம் போடுவதுதான் இந்தப் படிப்பு.

வேலை விஷயத்தில் ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வாய்ப்பு குறைவு. எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து வருடம் என்றே கணக்குப் போடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து 'ஜாம்' நுழைவுத் தேர்வுக்குத் தயாரானால் மும்பை, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்கலாம். அதன்பின் யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு. 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு மையத்துக்கும் (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அங்கே போட்டியிடுவது ஜியாலஜியும் அதை ஒட்டிய படிப்புகளும் படித்தவர்கள் மட்டும்தான். எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய தேர்வுகளின் கூட்டம் இங்கே இருக்காது. சுரங்கம், அணை, மெட்ரோ சுரங்கப்பாதை வேலைகளிலும் இவர்கள் தேவை.

"பெண் பிள்ளை எப்படிச் சுரங்கத்துக்குள்?" என்று மாமா கேட்பதாகச் சொன்னீர்கள். 2019-லேயே தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்கள் பகல் நேரத்தில் நிலத்தடிச் சுரங்கத்திலும் வேலை செய்யலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது. அப்புறம், கல்லூரி நடத்தும் களப் பயணத்துக்குக் கட்டாயம் அனுப்புங்கள். அதற்குத் தடை போடுவதாக இருந்தால் இந்தப் படிப்பில் சேர்க்கவே வேண்டாம்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால், கட்டாதீர்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் சேலம் ஜியாலஜியை முதல் விருப்பமாக அவளையே பதிவு செய்யச் சொல்லுங்கள்.