துணையலகுச் சமன்பாடுகள்: வளைவரை அச்சுகளை எங்கே வெட்டுகிறது?

கேள்வி: சார், எக்ஸ் = டி² − 4, ஒய் = டி − 1. எக்ஸ் அச்சை வெட்டும் இடம் கேட்டால் எதைப் பூஜ்யமாக்க வேண்டும்?

பதில்: எக்ஸ் அச்சின் மேல் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் உயரம் பூஜ்யம். அதனால் ஒய் = 0 என்று போடுங்கள்; டி = 1 வரும். பலர் இங்கேயே நிறுத்தி (1, 0) என்று எழுதிவிடுகிறார்கள். டி ஒரு துணையலகு மட்டும்தான், அதாவது எக்ஸ், ஒய் இரண்டின் மதிப்பையும் தரும் மூன்றாவது மாறி; படத்தில் அதற்கு அச்சே கிடையாது. அதை எக்ஸில் பிரதியிட்டால் −3. விடை (−3, 0). அப்புறம் எக்ஸ் = 0 என்று போட்டால் டி = 2, −2; ஒய் அச்சில் (0, 1), (0, −3).

கேள்வி: எக்ஸ் = டி² − 3, ஒய் = டி³ − 3டி. ஒய் = 0 என்று போட்டால் டி-க்கு மூன்று மதிப்புகள் வருகின்றன. புத்தகத்தில் இரண்டே புள்ளிகள்தான் இருக்கின்றன. எது சரி?

பதில்: இரண்டும் சரி. டி = 0 என்றால் (−3, 0). டி = √3, டி = −√3 இரண்டுமே ஆதிப்புள்ளிக்குக் கொண்டுபோகின்றன. வளைவரை அங்கே இரண்டு முறை வருகிறது, ஒரே திசையிலும் அல்ல: ஒரு முறை தொடுகோட்டின் சாய்வு √3, இன்னொரு முறை −√3. தன்னைத்தானே அது வெட்டிக்கொள்ளும் இடம் அது. வரைந்து பாருங்கள், அழகான கண்ணி ஒன்று கிடைக்கும்.

கேள்வி: டி-யை நீக்கிவிட்டுச் செய்தால் சுலபம்தானே, அண்ணா?

பதில்: சுலபம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ் = டி² + 1, ஒய் = டி² + 3 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டி-யை நீக்கினால் ஒய் = எக்ஸ் + 2 என்ற நேர்கோடு. அது (−2, 0), (0, 2) இரண்டிலும் அச்சுகளை வெட்டும். நமது வளைவரையோ எந்த அச்சையும் தொடுவதே இல்லை! டி² குறை எண் ஆகாது என்பதால் எக்ஸ் எப்போதும் 1-க்குக் குறையாது, ஒய் 3-க்குக் குறையாது. (1, 3)-இல் தொடங்கும் ஒரு கதிர் மட்டுமே அது. நீக்கும்போது இந்தக் கட்டுப்பாடு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

டி-க்கு இடைவெளி கொடுத்திருந்தாலும் இதே சிக்கல்தான். எக்ஸ் = 3 காஸ் டி, ஒய் = 2 சைன் டி, டி 0 முதல் பை வரை என்றால் மேல்பாதி நீள்வட்டம் மட்டும். (0, −2) என்று எழுதினால் தவறு.

கேள்வி: ஒய் = 0 ஆனாலே வெட்டுகிறது என்று சொல்லலாமா?

பதில்: கூடாது, தொட்டுவிட்டுத் திரும்பலாம். எக்ஸ் = டி − சைன் டி, ஒய் = 1 − காஸ் டி என்ற சைக்ளாய்டு (உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் வளைவரை) 2பை, 4பை என்று வரிசையாக எக்ஸ் அச்சுக்கு வருகிறது, ஒரு முறைகூடக் கீழே இறங்குவதில்லை. அந்த டி-க்கு இருபுறமும் ஒய்யின் குறி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால்தான் வெட்டுகிறது.

கேள்வி: எக்ஸ் = (1 − டி²)/(1 + டி²), ஒய் = 2டி/(1 + டி²). இது ஓரலகு வட்டம். ஆனால் (−1, 0) எனக்கு வரவே இல்லை, சார்.

பதில்: வராது. ஒய் = 0 என்றால் டி = 0 மட்டுமே, புள்ளி (1, 0). எக்ஸ் = −1 ஆக வேண்டுமானால் 1 − டி² = −1 − டி², அதாவது 1 = −1 ஆக வேண்டும். டி எவ்வளவு பெரிதானாலும் வளைவரை (−1, 0)-ஐ நெருங்கும், அடையாது. வட்டத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் விடுபட்டிருக்கிறது. நீங்கள் கவனித்துக் கேட்டது மிகவும் நல்ல விஷயம்.

கேள்வி: எக்ஸ் = டி³ + டி − 1, ஒய் = டி². ஒய் அச்சை வெட்டும் இடத்துக்காக எக்ஸ் = 0 என்று போட்டால் காரணிப்படுத்த முடியவில்லையே?

பதில்: தோராயமாகக் காணுங்கள். டி = 0.6 என்றால் எக்ஸ் = −0.184, 0.7 என்றால் 0.043. மூலம் இடையில் இருக்கிறது. வகைக்கெழு 3டி² + 1 எப்போதும் மிகை என்பதால் வேறு மூலம் கிடையாது. நியூட்டன் முறையில் (வகைக்கெழுவைக் கொண்டு தோராய மூலத்தைப் படிப்படியாகத் திருத்தும் முறை) 0.7-இலிருந்து இரண்டு படி போனால் டி ≈ 0.6823. ஒய் அச்சை வெட்டும் புள்ளி ஏறக்குறைய (0, 0.4656).