மைதானத்தில் ஒரு மணி நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 30 பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலைகள் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், பத்து நிமிடம் உடற்பயிற்சி, பதினைந்து நிமிடம் இரண்டு வரிசையாக நின்று கோன்களுக்கு நடுவே டிரிப்ளிங் (பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடுவது), மீதி நேரம் மேட்ச் என்று பிரித்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு போட்டியில் முதல் பாதியில் சமமாக ஆடியவர்கள் இரண்டாம் பாதியில் மூன்று கோல் வாங்கிவிட்டார்கள். ஸ்டாமினா போதவில்லை, ஓட்டத்தைக் கூட்டுங்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள். எனக்கோ பந்தைக் கட்டுப்படுத்தும் திறமைதான் போதவில்லை என்று படுகிறது. எதைக் குறைத்து எதைக் கூட்டுவது? எங்களிடம் எட்டுப் பந்துகள் இருக்கின்றன, எல்லாம் 5-ஆம் எண்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்களுக்குப் படுவதுதான் சரி. ஆனால் ஓட்டத்தில் ஐந்து நிமிடத்தை வெட்டி டிரிப்ளிங்கில் சேர்ப்பதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உடல்திறனையும் பந்துத்திறனையும் இரண்டு பாடவேளைகளாகப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த டிரிப்ளிங் வரிசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 15 பேர். ஒரு பிள்ளை கோன்களைச் சுற்றி வர பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால், பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு முறை வாய்ப்பு வரும். அதாவது பந்து காலில் இருப்பது ஒரே ஒரு நிமிடம், நிற்பது பதினான்கு நிமிடம். அதன்பின் நடக்கும் மேட்சில் பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடினால், பலமாக உள்ள ஐந்தாறு பேர் பந்தை வைத்துக்கொள்வார்கள். ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பந்து வந்து சேர்வதே அபூர்வம். இந்த ஒரு மணி நேரத்தில் திறமையும் வளரவில்லை, நின்றுகொண்டே இருப்பதால் உடலும் உழைக்கவில்லை.

இரண்டாம் பாதியில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வந்த பந்தை முதல் தொடுதலிலேயே அடக்கத் தெரியாத அணி பந்தை உடனுக்குடன் இழக்கிறது. இழந்த பந்தைத் துரத்தியே களைத்துப்போகிறது. வெளியில் நிற்பவர் கண்ணுக்கு அது ஸ்டாமினாக் குறையாகத் தெரிகிறது. எதிரணியில் உயரமான, சீக்கிரமே வளர்ச்சி கண்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் பெற்றோரிடம் கேளுங்கள். இந்த வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கிடையே உடல் வளர்ச்சியில் பெரிய இடைவெளி இருப்பது இயல்பு; எத்தனை ரவுண்டு ஓடினாலும் அந்த இடைவெளி நிரம்பாது.

பருவமடைவதற்கு முன் நீண்ட சீரான ஓட்டத்தால் தாங்குதிறனில் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு. பிள்ளைகள் இயல்பாகவே வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறவர்கள். அந்தக் களைப்பிலிருந்து பெரியவர்களைவிட விரைவாக மீள்கிறவர்கள். கால்பந்தும் அப்படிப்பட்ட ஆட்டம்தான். ஆகவே, பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் சிறு ஆட்டமே அவர்களுக்கு உகந்த ஸ்டாமினாப் பயிற்சி. உங்கள் முப்பது பேரையும் ஆறாறு பேராகப் பிரித்தால் ஐந்து சிறிய களங்கள் போதும். ஐந்து பந்துகள் போக மூன்று மிச்சம். களம் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் இருக்கட்டும். கோலுக்குப் புத்தகப் பையோ செருப்போ வைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு எதிரணியை மாற்றிவிடுங்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாததால் கூச்சமுள்ள பிள்ளையும் பந்தைத் தொட்டே ஆக வேண்டும், திரும்ப வேண்டும், ஏமாற்றிப் பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் தான் எவ்வளவு ஓடினோம் என்பதையே கவனித்திருக்க மாட்டாள்.

இங்கிலாந்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பக்கத்துக்கு ஐந்து பேராகவும், அடுத்த இரண்டு வயதினரை ஏழு பேராகவும், அதற்கடுத்தவர்களை ஒன்பது பேராகவும் ஆடவைத்த பிறகே பதினொரு பேர் ஆட்டத்துக்கு அனுப்பிவந்தார்கள். ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நான்கு குட்டிக் கோல்கள் வைத்து, இருவர் அல்லது மூவர் கொண்ட அணிகளாக ஆடும் முறையைக் கட்டாயமாக்கியது. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு, ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து படவேண்டும் என்பதற்காகத் தன் பழைய முறையை மாற்றிக்கொண்டது என்று தலைமையாசிரியரிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

இப்படிச் சொல்வதால் உடற்பயிற்சியே வேண்டாம் என்று பொருளாகாது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடியாமல் இருப்பது, ஒற்றைக் காலில் நிலைகொள்வது, ஓட்டத்தில் சட்டென்று நின்று திரும்புவது, அடிபடாமல் விழுந்து உருள்வது ஆகியவற்றைத் தனியாகவே கற்றுத்தர வேண்டும். 7 முதல் 13 வயது வரையிலானவர்களுக்காக உருவாக்கப்பட்ட ‘ஃபிஃபா 11+ கிட்ஸ்’ என்னும் வார்ம்-அப் முறையில் இவை எல்லாம் ஏழு பயிற்சிகளாக இருக்கின்றன. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய நாடுகளில் அதைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான வார்ம்-அப் செய்தவர்களைவிட இதைச் செய்த பிள்ளைகளுக்குக் காயங்கள் 48 சதவீதம் குறைவாக இருந்தன. உங்கள் ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் எடுத்துவிட்டு, அந்த இருபது நிமிடத்தில் பதினைந்தை இதற்குக் கொடுங்கள். பிறகு ஒரு பந்துக்கு நான்கு பேராகப் பதினைந்து நிமிடம் பாஸும் டிரிப்ளிங்கும். எஞ்சியதெல்லாம் சிறு ஆட்டம். நடுவில் இரண்டு முறையாவது தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள். தாமதமாக வந்ததற்கோ பந்தைத் தவறவிட்டதற்கோ ரவுண்டு ஓடவிடும் வழக்கம் இருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஓடுவதே தண்டனை என்று கற்றுக்கொண்ட பிள்ளையைப் பிற்பாடு விரும்பி ஓடவைப்பது மிகக் கடினம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பெண் பிள்ளைகள் ஏறத்தாழ பன்னிரண்டு வயதிலும் ஆண் பிள்ளைகள் பதினான்கை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு முடிச்சிலும் குதிகாலிலும் வலி வருவது உண்டு. நேற்றுவரை நன்றாக ஆடியவன் திடீரென்று தடுமாறவும் செய்வான். அவன் நடிக்கிறான் என்று எண்ணிவிடாமல் குதிப்பதையும் ஓடுவதையும் சில வாரங்கள் குறையுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த வளர்ச்சி அடங்கிய பிறகு ஓட்டத்துக்கும் வலுவுக்கும் தனிநேரம் ஒதுக்கலாம். பெற்றோர் கேட்கும் ஸ்டாமினாப் பயிற்சிக்கு அதுதான் பருவம்.

கடைசியாக, அந்த எட்டுப் பந்துகள். 5-ஆம் எண் பந்து பெரியவர்களுக்கானது. உங்கள் பிள்ளைகளின் காலுக்கு அது பெரிது, கனமும் கூட. இந்த ஆண்டு விளையாட்டுப் பொருள்களுக்குப் பணம் கிடைத்தால் வேறு எதையும் வாங்காமல் 4-ஆம் எண் பந்துகளாக வாங்குங்கள்.