பென்டிரைவில் கானாப் பாட்டு: ஜெயில் வரைக்கும் போகுமா?

தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூடியூபில் இருந்து கானாப் பாட்டு இறக்கி பென்டிரைவில் போட்டு வண்டியில் கேட்கிறேன் சார். மச்சான் டீக்கடையில் போட அதையே காப்பி எடுத்தும் கொடுத்தேன். இதற்கெல்லாம் ஜெயில் உண்டு என்று பையன் பயமுறுத்துகிறான். நிஜமா?"

பையன் சொல்வதில் பாதி நிஜம், அந்தப் பாதியும் உங்களைவிட மச்சானைத்தான் தொடுகிறது.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவு. சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமாகக் கையாண்டால் அது மீறல் இல்லை, அதற்காக மின்னணு வடிவில் சேமித்து வைத்தாலும் மீறல் இல்லை என்கிறது. 2012 திருத்தத்துக்கு முன்னால் இந்தச் சலுகை ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் கிடையாது. பாட்டு வரிசையைத் தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கேசட்டாக வாங்கி வந்தோமே, அந்தக் கடைகளெல்லாம் அனுமதி வாங்கியா பதிந்தன? யாரும் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் 'நியாயமாக' என்றால் என்ன என்று சட்டம் எங்கேயும் அளந்து சொல்லவில்லை. நீங்கள் தனியாகக் கேட்க நாலு பாட்டு வைத்திருப்பது ஒன்று, சவாரி ஏறிய பிறகும் சத்தமாக ஓடவிட்டு 'இது என் சொந்த உபயோகம்' என்பது வேறு, அந்த வாதம் அங்கே நொண்டும். யூடியூப் விதிப்படி அவர்கள் கொடுக்கும் டவுன்லோட் வசதியைத் தவிர வேறு வழியில் இறக்கக் கூடாது. அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், மீறினால் கணக்கை மூடலாம். ஓடிடி படங்களில் காப்பி எடுக்க முடியாதபடி வைத்திருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பது மட்டும் வேறு ரகம்: உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் 2 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

சரி, டீக்கடைக்கு வருவோம். பத்து பேர் வந்து போகிற கடையில் பாட்டுப் போடுவது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதுதான், பென்டிரைவில் போட்டாலும் போனில் போட்டாலும் உரிமம் வேண்டும். தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணத்தை எழுதிவைத்து நீதிமன்றம் குறைக்கலாம். கடை வியாபாரம் ஆயிற்றே, மச்சான் அதைச் சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

'கானா பாடுகிறவர் நம்ம ஏரியா ஆள், கேட்டால் சரி என்பார்' என்று நீங்கள் நினைக்கலாம். சொல்வார்தான். ஆனால் பதிவின் உரிமை பெரும்பாலும் அதைத் தயாரித்த சேனல்காரரிடம் இருக்கும், வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. அதனால் வாய்வார்த்தை போதாது, உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அதுவரை மச்சான் கடையில் ரேடியோ வைத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம், கடையில் ரேடியோ போடுவதும் ஒலிபரப்புக் கணக்கில்தான் வரும்.